ஏரிக்கரையில் ஒரு மஞ்சள் கோடு

அத்தியாயம் 3

பொறாமை விஷயத்தில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. ஹோட்டலில் எதிர் டேபிள்காரனுக்கு லெக் பீஸ் வந்து எனக்கு வெறும் எலும்பு வந்தால், அன்றைக்கு முழுக்க எனக்கு வயிறு எரியும். அதனால் அந்த வீடியோவைப் பார்த்ததும் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டேன்.

"மேடம், இந்தப் பையனை நானே தள்ளி வுட்டிருப்பேன்."

காந்திமதி மேடம் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அமலாவும் சிரிக்கவில்லை. வீடியோவில் இருந்தது அவள் தம்பி.

ஒரகடம் கூட்டு ரோட்டில், டிராவல்ஸ் ஆபீசுக்கு மேல் மாடியில் எங்கள் துப்பறியும் நிலையம். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை விசாரிப்பது, வேலைக்கு எடுக்கும் முன் ஆளை விசாரிப்பது, இவைதான் வழக்கமான வரும்படி. மூளை காந்திமதி மேடம். மற்ற எல்லாம் இந்த யாக்கோபு. டிரைவர், கேமராமேன், டீ வாங்கி வருகிறவன் எல்லாம் நானே. ஆனால் போர்டில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

மேடம் செல்போனை என்னிடமிருந்து வாங்கி மறுபடி ஓடவிட்டார். லடாக். பாங்காங் ஏரி. பதினாலாயிரம் அடி உயரத்தில் அப்படியொரு நீலம். கரையோரமாகக் கல்லும் மணலுமான பாதையில் மலைச் சைக்கிள் ஒன்று துள்ளிக்கொண்டு வருகிறது. ஓட்டுகிறவன் வாய் நிறையப் பாட்டு. அவனுக்கு வெகு பின்னால், சின்னதாக, இன்னொருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான்.

"முன்னாடி பாடினு வர்றது என் தம்பி பிரவீன். பின்னாடி தள்ளினு வர்றது செந்தமிழன் அண்ணன்," என்றாள் அமலா. செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறவள். ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தாள். "ரெண்டு பேரும் ஒரே ஆக்சில் கம்பெனி, ஒரே லைன். தம்பி போல்ட் முறுக்குவான், அண்ணன் இன்ஸ்பெக்டரு. இந்த வருஷம் சைக்கிள் ரேஸ்ல முதல் ரெண்டு இடம் வந்தவங்கள கம்பெனியே லடாக்குக்கு அனுப்பிச்சுது. அண்ணன் ஒன்னாம் நம்பரு. என் தம்பி ரெண்டு. எல்லா வருஷமும் அப்படித்தான்."

"விழுந்தது யாரு?" மேடம் கேட்டார்.

"அண்ணன். இந்த வீடியோ எடுத்ததுக்கு மறுநாள். இறக்கத்துல வரும்போது ஹேண்டில்பாரு அப்படியே சுத்திக்கிச்சாம். தோள்பட்டை எலும்பு போச்சு. போல்ட்ட யாரோ கழட்டி வுட்டுக்கீறாங்க."

"யாரோன்னா?"

அமலா ஒரு போட்டோவைக் காட்டினாள். கூட வந்த வழிகாட்டி விளையாட்டாக எடுத்தது. விடியற்காலையில் கூடாரத்துக்கு வெளியே, ஒன்றாம் நம்பர் அட்டை கட்டிய சைக்கிள் பக்கத்தில் பிரவீன் குந்தியிருக்கிறான். கையில் கட்டிங் பிளேயர்.

"செந்தமிழன் அண்ணனே புகார் எழுதிக் குடுத்துட்டாரு. நாளைக்குக் காலைல என்கொயரி. வேலைய வுட்டுத் தூக்கிட்டு போலீஸ்ல குடுக்கப் போறாங்க மேடம். இவன் வாயே தொறக்க மாட்றான். குந்துன எடத்துலயே குந்தினு கீறான். என் தம்பி அத்த பண்ணியிருக்க மாட்டான்."

"எல்லா அக்காவும் அதான் சொல்லுவாங்க," என்றேன்.

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

*

லடாக்கிலிருந்து இரண்டு சைக்கிள்களும் லாரியில் திரும்பி வந்திருந்தன. ஆக்சில் கம்பெனியின் பார்க்கிங் ஓரமாகத் தகரக் கொட்டகை ஒன்று. அதுதான் சைக்கிள் கிளப். அதற்குச் செயலாளர் ஸ்டோர்ஸ் கோதண்டம். தொந்தியும் கண்ணாடியுமாக இருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஏனென்றால் வாயைத் திறந்ததுமே வயிற்றெரிச்சலில் அவர் நம்ம ஜாதி என்று தெரிந்துவிட்டது.

"கிளப் ஆரம்பிச்சது நானு. டயருக்குக் காத்தடிச்சது நானு. ஏரியப் பாத்துட்டு வந்தது அவனுங்க. கேன்டீன் டி.வி.ல அந்த வீடியோவ எத்தினி வாட்டிதான் போடுவாங்க? சாம்பார் ஊத்திக்கும்போதுகூட அந்தப் பாட்டுதான் சார்."

நான் மேடம் காதில் கிசுகிசுத்தேன். "மேடம், இந்தாளு மேல ஒரு கண்ணு வைங்க."

"போல்ட்டைக் கழட்டினது லடாக்குல. இவர் ஒரகடத்துலேயே இருந்தார். கண்ணு வேற எங்கயாவது வை."

கோதண்டம் தார்ப்பாயை விலக்கினார். ஒரே மாதிரி இரண்டு நீலச் சைக்கிள்கள். அட்டை இல்லையென்றால் எது எவனுடையது என்று பெற்றவளுக்கே தெரியாது. ஒன்றாம் நம்பர் அட்டை கட்டியிருந்த சைக்கிளின் ஹேண்டில்பார் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. மேடம் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார்.

"யாக்கோபு, நீ லைன்ல வேலை செஞ்சவன்தானே? என்ன தெரியுது, சொல்லு."

நான் கொஞ்ச காலம் கான்ட்ராக்டில் நட்டு முறுக்கியிருக்கிறேன். இந்த ஊர்ப்பக்கம் எந்த லைனிலும் ஒரு பழக்கம் உண்டு. போல்ட்டை முறுக்கி முடித்ததும், பெயின்ட் பேனாவால் போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு போல்ட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். முறுக்குகிறவன் வெள்ளைக் கோடு போடுவான். அதைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் மஞ்சள் கோடு போடுவான். சில நாள் போட்டால் போதும், கைக்கு அது வியாதி ஆகிவிடும். நான் வீட்டில் குக்கர் கைப்பிடி ஸ்குரூவை முறுக்கிவிட்டு, பேனாவைத் தேடி மனைவியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

சைக்கிளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வெள்ளைக் கோடு மேடம்! பிரவீன் லைன்ல முறுக்கற ஆளு. வெள்ளை அவன் கை. செந்தமிழன் இன்ஸ்பெக்டரு, மஞ்சள். அப்ப ஒன்னாம் நம்பர் சைக்கிளைத் தொட்டது பிரவீன்தான். கேஸ் முடிஞ்சுது. அமலாவுக்குத்தான் நல்ல சேதி இல்ல."

"எந்த போல்ட்ல வெள்ளை?"

"இதுல... இதுலயும்... பெடல்ல, சீட்டுல..." டார்ச் நகர நகர என் சந்தோஷம் கரைந்தது. "எல்லாத்துலயும் கீது மேடம்."

"ஒரு போல்ட்ல இருந்தா அவன் தொட்டிருக்கான். எல்லா போல்ட்லயும் இருந்தா?"

கோதண்டம்தான் சொன்னார். "வண்டியே அவன்து."

அடுத்த சைக்கிளை இழுத்துப் போட்டோம். ரெண்டாம் நம்பர் அட்டை. உடம்பெல்லாம் மஞ்சள் கோடு. மேடம் கியரைத் தட்டிப் பார்த்தார். மேட்டில் ஏற உதவும் லேசான கியருக்குச் சங்கிலி இறங்கவே இல்லை. இதை வைத்துக்கொண்டு மலையில் சைக்கிள் ஓட்ட முடியாது, தள்ளத்தான் முடியும்.

"அட்டை மாறியிருக்கு," என்றார் மேடம். "சரி, விழுந்த சைக்கிளுக்கே திரும்ப வா. ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற போல்ட்டை மட்டும் பார்."

"வெள்ளைக் கோடு ஒன்னு. பக்கத்துல மஞ்சள் ஒன்னு. லைன்ல எல்லாம் அப்படித்தான் மேடம் இருக்கும். ஒருத்தன் முறுக்குவான், ஒருத்தன் பார்ப்பான்."

"நல்லாப் பாரு."

நல்லாத்தான் பார்த்தேன். மேடம் அந்த இடத்தைப் பக்கத்திலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு. எனக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்டால் மட்டும் வரும் சிரிப்பு அது. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

*

வண்டியில் ஏறியதும் மேடம் அந்த வீடியோவை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினார்.

"யாக்கோபு, இந்த ஊர்லயே பெரிய வயித்தெரிச்சல்காரன் நீ. இதுல எதைப் பார்த்து உனக்கு எரியுது, யோசிச்சுச் சொல்லு."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் திறமைக்கு ஒரு மரியாதை கிடைத்தது. நிதானமாகப் பார்த்தேன்.

"ஏரி இல்ல மேடம். ஏரி எல்லாருக்கும் பொது. சைக்கிளும் இல்ல, ரெண்டும் ஒன்னுதான்." திரும்ப ஓடவிட்டேன். "பாட்டு மேடம்."

"பாட்டா?"

"அவ்ளோ உயரத்துல நடந்தாலே மூச்சு வாங்குமாம். பின்னாடி ஒன்னாம் நம்பரு வாயத் தொறந்துனு மூச்சுக்குத் தவிக்கறான். ரெண்டாம் நம்பரு சைக்கிளும் ஓட்டறான், பாட்டும் பாடறான். அந்த மூச்சு மேடம். ஒருத்தன்கிட்ட பணம் கீதுன்னா நாமளும் சம்பாதிக்கலாம். மூச்ச எங்க போய் வாங்கறது?"

மேடம் என்னை வியப்பாகப் பார்த்தார். "சேரப்பணஞ்சேரிக்கு விடு."

*

பிரவீன் அவன் ஊர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தான். இந்த ஏரியில் நீலமும் இல்லை, மலையும் இல்லை. ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எருமைகள், அந்தப் பக்கம் தொழிற்சாலைக் கூரைகள். வீடியோவில் பாடியவன் இவன்தான் என்று சத்தியம் செய்தால்கூட நம்ப முடியாது. அப்படி வாடியிருந்தான்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "ராசா, செந்தமிழன் ஓட்டி விழுந்தது உன் சைக்கிள். கட்டிங் பிளேயரை வச்சு நீ அறுத்தது அட்டையைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் டேக். அட்டையைத்தான் மாத்திக் கட்டினே. ஏன்?"

அவன் எருமைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவன் வண்டில கியர் எறங்கல மேடம். தள்ளினே வந்தான். சரி பண்ணித் தரேன்டான்னேன். உன் வேலையப் பாருன்னுட்டான். தலைவலி வேற அவனுக்கு. சோறும் எறங்கல. அதான் என் வண்டிய அவனுக்குத் தள்ளி வுட்டேன்."

"சொல்லிட்டே குடுத்திருக்கலாமே?"

"சொன்னா வாங்க மாட்டான். ஒன்னாம் நம்பரு மேடம் அவன்."

"இதைக் கம்பெனில சொன்னா உன் வேலை தப்பிக்குமே. ஏன் சொல்லல?"

"அது நான் கட்டுன வண்டி. அதுலதான் அவன் எலும்பு ஒடஞ்சுது." அவ்வளவுதான் சொன்னான். மீதியை முழுங்கிவிட்டான். முழுங்குவது எனக்கே தெரிந்தது.

"சரி, வண்டில ஏறு," என்றார் மேடம்.

*

செந்தமிழன் வீடு இரண்டு தெரு தள்ளி. ஹாலில் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். எல்லாம் முதல் பரிசு. நாற்காலியில் செந்தமிழன், தோளிலிருந்து தூளி மாதிரி கட்டித் தொங்கவிட்ட கையோடு இருந்தான். நல்ல உயரம், அழகன். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் மனைவி சசிகலா டீ கொண்டுவந்து வைத்தாள். பிரவீனை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு நாங்கள் மட்டும் உள்ளே போயிருந்தோம்.

"இன்ஷூரன்ஸ்ல இருந்து வரீங்களா மேடம்?" என்றான்.

"இல்லப்பா. போல்ட் விஷயமா உன்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். நீ இன்ஸ்பெக்டர். தெரிஞ்சவன்." மேடம் செல்போனை நீட்டினார். "இதைப் பாஸ் பண்ணுவியா?"

அவன் படத்தை விரலால் பெரிதாக்கினான். தொழில் தெரிந்தவன், கண் தானாகவே ஓடியது. "வெள்ளைக் கோடு ரெண்டா விலகி கீது. போல்ட்டு சுத்தியிருக்குன்னு அர்த்தம். ரிஜெக்ட்."

"பக்கத்துல மஞ்சள்?"

அவன் விரல் நின்றது.

"வெள்ளை விலகியிருக்கு. மஞ்சள் முழுசா நேரா இருக்கு. முறுக்கி வச்சிருந்தப்போ இந்த மஞ்சளைப் போட்டிருந்தா, போல்ட் கழலும்போது வெள்ளையோட சேர்ந்து இதுவும் விலகியிருக்கணுமில்லையா? விலகலையே. அப்ப இந்த மஞ்சளை எப்போ போட்டாங்க செந்தமிழன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டார்ச் பிடித்தது நான். கோட்டைப் பார்த்தது நான். கண்டுபிடித்தது மட்டும் அவர்!

"கழட்டினதுக்கு அப்புறம்," என்று நானே கத்திவிட்டேன். "கழட்டின கையே பழக்க தோஷத்துல மார்க்கும் போட்டுடுச்சு! ஆனா மேடம், தன் போல்ட்டத் தானே கழட்டிட்டு எவனாவது ஏறி ஓட்டுவானா?"

"அவன் கழட்டினது ரெண்டாம் நம்பர் சைக்கிள்ல. அது விடிஞ்சதும் ஒன்னாம் நம்பரா மாறிப்போச்சு."

சசிகலா புருஷனைப் பார்த்தாள். "இன்னாங்க இது? இவங்க இன்னா சொல்றாங்க?"

செந்தமிழன் கோப்பை அலமாரியைப் பார்த்தான். பிறகு ஒரேயடியாகக் கொட்டினான்.

"எனக்குப் பின்னாடியே வந்தவன் மேடம் அவன். வாலாஜாபாத் ரோட்ல, வல்லக்கோட்டை மேட்ல, எங்க ஓட்டுனாலும் எனக்குப் பின்னாடி. அங்க போனா எனக்கு நெஞ்சு அடைக்குது. தண்ணி குடிச்சா வாந்தி வருது. அவன் பாட்டுப் பாடினு போறான். பாட்டு! சாயங்காலம் கொஞ்சம் சிக்னல் கெடச்சு செல்லத் தொறந்தா, ஊரே அவன் வீடியோவுக்கு லைக் போட்டுக்கீது." மனைவி பக்கம் திரும்பினான். "நீயும் போட்டிருந்த. 'சூப்பர் பிரவீன் அண்ணே'ன்னு. நான் பின்னாடி தள்ளினு வர்றது உன் கண்ணுக்குத் தெரியலயா?"

"அது நீங்கன்னே தெரியலங்க," என்றாள் சசிகலா, பாவம், உண்மையைச் சொல்லி.

அது அவனை இன்னும் குத்தியது. "எல்லாரும் சாப்டப் போனப்போ கழட்டுனேன். கொஞ்சம்தான் கழட்டுனேன். அவன் ஒரு தடவ விழட்டும், அந்தப் பாட்டு நிக்கட்டும்னு. கோடு போட்டது எனக்கே தெரியாது மேடம். கீழ விழுந்து கெடக்கறேன், என் மூக்குக்கு நேரா விலகுன வெள்ளை, பக்கத்துல என் மஞ்சள். அப்பத்தான் புரிஞ்சுது, நான் ஓட்டுனது அவன் வண்டின்னு." குரல் உயர்ந்தது. "அவன் மட்டும் யோக்கியனா? நான் கழட்டுனத கண்டுபுடிச்சுட்டான். வாயத் தொறக்காம அட்டைய மாத்தி என்னையே அதுல ஏத்தி வுட்டான். நான் சாவட்டும்னு! அதான் புகார் குடுத்தேன். நான் குடுத்ததுல இன்னா தப்பு?"

"மஞ்சளப் பாத்தேன்."

வாசலில் பிரவீன். எவ்வளவு நேரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான் என்று தெரியவில்லை.

"பாத்த இல்ல?" என்றான் செந்தமிழன். "கேட்டுக்குங்க மேடம்! பாத்தானாம்!"

"அட்டைய மாத்தலாமா வேணாமான்னு யோசனையா இருந்துச்சுடா. நீ மூஞ்சி குடுத்துப் பேசி ரெண்டு மூணு நாளாச்சு. என் வண்டியக் குடுத்தா திட்டுவியேன்னு பயம். அப்பதான் ஹேண்டில்பார்ல உன் மஞ்சள் கோடு தெரிஞ்சுது." பிரவீன் உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே பேசினான். "அவ்ளோ தலைவலிலயும் எழுந்து வந்து என் வண்டிய செக் பண்ணி வச்சுக்கீறான் பாருன்னு நெனச்சேன். அதுக்கப்புறம்தான்டா அட்டைய அறுத்தேன்."



"வெள்ளை விலகினத பாக்கலையாப்பா நீ?" என்று நான்தான் கேட்டேன்.

"பாக்கலண்ணே. மஞ்சள் கீதே. அவன் பாத்தத நான் எதுக்குத் திருப்பிப் பாக்கணும்?"

"சரி, அப்புறமாவது சொல்லி இருக்கலாமே?"

"இன்னான்னு சொல்றது? இவன் பாஸ் பண்ண போல்ட்டு கழண்டு இவனே வுழுந்தான்னா? இன்ஸ்பெக்டர்ண்ணே அவன். லைன்ல சிரிப்பாங்க."

செந்தமிழன் ஒரு கையால் முகத்தை மூடப் பார்த்தான். ஒரு கை போதவில்லை. வாயைத் திறந்து காற்றை இழுத்தான். இழுத்தது போதாமல் மறுபடி இழுத்தான். வீடியோவில், ஏரிக்கரையில், சின்னதாகத் தெரிந்தவன் இழுத்த அதே மூச்சு. இங்கே மலையும் இல்லை, உயரமும் இல்லை. மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"சசி," என்றான் கடைசியில். "போன எடு. எச்.ஆர். நம்பர் போட்டுக் குடு."

சசிகலா நம்பரைப் போட்டு அவன் காதில் பிடித்தாள். அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தாள்.

"சார், செந்தமிழன் பேசறேன். நாளைக்கு என்கொயரிக்கு பிரவீன் வர வேணாம் சார். நான் வரேன். அந்த போல்ட்டக் கழட்டுனது..." அதற்கு மேல் மூச்சு வரவில்லை. நிறுத்தி, இழுத்து, மறுபடி ஆரம்பித்தான்.

நான் வாசலைப் பார்த்தேன். பிரவீன் அங்கே இல்லை. செருப்பைக்கூடப் போடாமல், கையில் எடுத்துக்கொண்டு தெருவில் போய்க்கொண்டிருந்தான். வேலை தப்பித்த பையன் நடக்கிற நடையாக அது இல்லை. மேடம் டீயைத் தொடாமல் எழுந்தார். அலமாரி நிறையக் கோப்பைகள், அழகான மனைவி, சொந்த வீடு, நண்பனுக்காகச் சைக்கிளையே கொடுத்த ஒரு நண்பன். எல்லாவற்றையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். பொறாமைப்பட அந்த வீட்டில் எனக்கு ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.